நாய்க்கு வயிறு சரியில்லை என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை எங்கள் மணி முன்னங்கால்களை நீட்டி, நெஞ்சைத் தரையோடு தாழ்த்தி, பின்பக்கத்தை மட்டும் உயர்த்தி நின்றான். விளையாடக் கூப்பிடுகிறான் என்று பந்தை எறிந்தேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. படுத்தான், எழுந்து மறுபடியும் அதே மாதிரி நின்றான். அது வயிற்றுவலிக்கு நாய் போடும் ஆசனம் என்பது மறுநாள் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போனபோதுதான் எனக்குத் தெரிந்தது. பிரியாணி எலும்பை யாரும் போடவில்லை என்று வீட்டில் அத்தனை பேரும் சத்தியம் செய்திருந்தார்கள். எக்ஸ்ரேயில் எலும்பு இருந்தது.

விளையாட்டு என்றால் அடுத்த நொடியே துள்ளி ஓடும். வலி என்றால் அப்படியே நிற்கும். வித்தியாசம் அவ்வளவுதான்.

மதியத்திலிருந்தே உதட்டை நக்கிக்கொண்டும் எச்சிலை விழுங்கிக்கொண்டும்தான் இருந்தான். அவன் வயிறு கடமுடவென்று சத்தம் போட்டதையும் நான் பொருட்படுத்தவில்லை. புல் தின்றால் வயிற்றுக் கோளாறு என்று எங்கள் தெருவில் எல்லாரும் சொல்வார்கள். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. நன்றாக இருக்கும் நாயும் புல் மேயும்.

ஒருமுறை வாந்தியெடுத்துவிட்டு வாலாட்டிக்கொண்டு திரிந்தால் பொறுத்துப் பார்க்கலாம். மலம் தார்போலக் கறுத்திருந்தால் பொறுக்காதீர்கள். இரைப்பையிலோ சிறுகுடலிலோ ரத்தம் கசியலாம். உதட்டைத் தூக்கி ஈறையும் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டியது வெளுத்திருந்தால் ஆபத்து. தடுப்பூசி போடாத குட்டிக்கு வாந்தியோடு ரத்தபேதி என்றால் பார்வோ என்ற வைரஸ் நோயாக இருக்கலாம். அன்றைக்கே காட்டிவிட வேண்டும்.

எல்லாவற்றையும்விட நான் பயப்படுவது ஒன்றுக்குத்தான். வயிறு மேளம்போல் உப்பி, நாய் ஓங்கரித்து ஓங்கரித்து ஒன்றும் வெளியே வராவிட்டால், இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். கிரேட் டேன், ஜெர்மன் ஷெப்பர்ட் போன்ற நெஞ்சு ஆழமான பெரிய நாய்களுக்கு இது அதிகம் வரும். சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். நடுராத்திரியானாலும் ஆட்டோ பிடியுங்கள்.

கைவைத்தியமும் வேண்டாம். அன்றிரவு என் மாமியார் நீட்டிய பாராசிட்டமால் மாத்திரையைப் பாதியாக உடைத்து வைத்திருந்தேன். மணி வாயைத் திறக்காததால் விட்டுவிட்டேன். மருத்துவரிடம் சொன்னபோது அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு, “உள்ளே போகவில்லையே?” என்று இரண்டு முறை கேட்டார். அது நாயின் ஈரலையும் ரத்தச் சிவப்பணுக்களையும் கெடுக்குமாம்.