நாய்க்குட்டி வாங்கச் சீட்டை எடுக்கலாமா?

கேள்வி: தண்டையார்பேட்டையில் இரண்டாம் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். கைக்கு வரும் சம்பளம் 36,000 ரூபாய், வாடகை 9,500. எல்லாம் போக மாதம் 5,000 மிஞ்சும். பத்து வயது மகள் லேப்ரடார் குட்டி வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். தெரிந்தவர் 12,000-க்குத் தருகிறேன் என்கிறார். ஏலச்சீட்டைத் தள்ளி எடுத்து வாங்கிவிடலாமா சார்?

பதில்: சீட்டைத் தொடாதீர்கள். அவசரத்துக்கு ஏலம் கேட்பவருக்குத்தான் தள்ளு, அதாவது சீட்டுத் தொகையில் விட்டுக்கொடுக்கும் பணம், அதிகம் போகும். நாய்க்குட்டி அவசரம் இல்லை.

இந்தக் கணக்கில் 12,000 சின்ன எண். லேப்ரடார் பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கும். உங்கள் மகள் கல்லூரி முடிக்கும்போதும் அது வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும். மூட்டைத் தீவனம் வேண்டாம், கறிக்கடையில் ஈரல் வாங்கி அரிசியோடு வேகவைத்துப் போடுகிறோம் என்றாலும், வளர்ந்த நாய்க்கு மாதம் 3,000 ஒதுக்குங்கள். உண்ணி மருந்து, பூச்சி மருந்து, வருட ஊசி இவற்றுக்கு இன்னொரு 1,000. எல்லாம் தோராயம்தான், ஆனால் குறையாது. உங்களுக்கு மிஞ்சுவது 5,000!

எங்கள் வீட்டுக்கு வந்த முதல் குட்டியை விற்றவர், "ஊசி எல்லாம் போட்டாச்சு" என்றார். நானும் அட்டையைக் கேட்கவில்லை. அடுத்தவர் பத்திரத்தை வரி விடாமல் படிக்கிற ஆள் நான்! நான்காம் நாள் வாந்தி, ரத்தபேதி. பார்வோ என்கிற வைரஸ் நோய். ஐந்து நாள் டிரிப்ஸ், காலையும் மாலையும் ஆட்டோ. மனைவியின் மோதிரம் அடகுக்குப் போனது. குட்டி பிழைத்துக்கொண்டது. மோதிரம் திரும்பி வர எட்டு மாதம் ஆனது.

ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கும் தடுப்பூசி, மூன்று நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம் வரை போகும். வெறிநாய்க்கடி ஊசி மூன்றாம் மாதத்தில். உங்கள் பக்கம் மழைத்தண்ணீர் தேங்கும் என்றால் எலிக்காய்ச்சலுக்கான ஊசியையும் கேட்டுப் போடுங்கள். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் செலவு குறைவு. ஆனால் காத்திருக்க வேண்டும், அரைநாள் சம்பளம் போகுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மாநகராட்சி உரிமமும் கட்டாயம்.

யாரும் கணக்கில் எழுதாத செலவு ஒன்று உண்டு. வீட்டுக்காரர் ஒரு நாள் "நாயா, வீடா?" என்று கேட்டால் புரோக்கருக்கு ஒரு மாத வாடகை, டெம்போ, புது வீட்டு அட்வான்ஸ். குட்டியின் விலையைப் போல எத்தனை மடங்கு! குட்டிக்கு முன்பணம் கொடுக்கும் முன் வீட்டுக்காரரிடம் கேளுங்கள். வாய்ச்சொல் போதாது, வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்குங்கள்.

சரி, என்ன செய்யலாம்? வங்கியில் ஆறு மாத ஆர்.டி. போடுங்கள், மாதம் 4,000. நாய் வந்துவிட்டதாகவே நினைத்துக் கட்டுங்கள். ஒரு தவணைகூடத் தவறவில்லை என்றால் 24,000-மும் கொஞ்சம் வட்டியும் கையில் இருக்கும். அது குட்டியின் மருத்துவப் பணம், விலை கொடுக்க அல்ல. தெருவில் பிறந்த குட்டியை எடுத்து வளர்த்தால் விலையே இல்லை. நம்ம ஊர் வெயிலும் அதற்குப் பழக்கம். ஊசிச் செலவு மட்டும் இரண்டுக்கும் ஒன்றுதான்.

அப்புறம், அந்த ஆறு மாதமும் காலை ஆறு மணிக்கு மகளை எழுப்பி, இரண்டு மாடி இறங்கி, தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். நாய் இல்லாமலேதான். மழை நாளிலும்.