கண்ணில் பறக்கும் பூச்சியும் ஓரத்தில் வெட்டும் மின்னலும்

தண்டையார்பேட்டையிலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு,

உங்கள் நீண்ட கடிதத்தின் நடுவே, இமை துடிப்பதற்கும் தூக்கமின்மைக்கும் இடையில், போகிறபோக்கில் ஒரு வரி வருகிறது. ஒரு வாரமாக இரவில் விளக்கை அணைத்த பிறகு வலது கண்ணின் ஓரத்தில் மின்னல் போல வெளிச்சம் வெட்டுவதாகவும், அதே கண்ணில் புதிதாகக் கறுப்புப் புள்ளிகள் கொத்தாக வந்திருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். மற்றவற்றைப் பிறகு பேசலாம். இந்த ஒரு வரிக்காக நீங்கள் உடனே கண் மருத்துவரிடம் சென்று, கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து போட்டுக்கொண்டு, கண்ணின் உட்பின்புறத்தில் ஒளியை உணரும் படலமான விழித்திரையை அதன் ஓரம் வரை பரிசோதித்துக்கொள்ள வேண்டும். இந்தப் பதில் வெளியாகும் வரை நீங்கள் காத்திருக்கக் கூடாது என்பதால், கடிதம் கைக்கு வந்த அன்றே ஆசிரியர் குழுவினர் மூலம் தொலைபேசியில் இதைச் சொல்லச் சொன்னேன். அதற்கான காரணத்தை நீங்களும், இதே தொல்லையை யாரிடமும் சொல்லாமல் வைத்திருக்கும் மற்றவர்களும் புரிந்துகொள்வதற்காகவே இங்கே விரிவாக எழுதுகிறேன்.

மூளையில் கட்டி இருக்குமோ என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்களை உண்மையில் வாட்டுவது வேறொரு பயம் என்றே எனக்குத் தோன்றுகிறது. துறைமுகத்தில் வேலை செய்த உங்கள் தந்தைக்கு 55 வயதில் ஒரு கண்ணின் ஓரத்தில் நிழல் விழுந்தது. வலி இல்லாததால் உடம்புச் சூடு என்று நினைத்து வீட்டில் விளக்கெண்ணெய் வைத்தார்கள். சில நாட்களில் அந்த நிழல் நடுப்பகுதிக்கும் பரவி, அந்தக் கண்ணே இருண்டுபோனது. இப்போது உங்களுக்கு 54 வயது. அவரைப் பரிசோதித்த குறிப்புகள் இல்லாமல் உறுதியாகச் சொல்ல முடியாது என்றாலும், நீங்கள் எழுதியிருக்கும் வரிசை, விழித்திரை தன் இடத்தை விட்டுப் பிரியும் விழித்திரை விலகலின் வரிசைதான். அவரும் தடித்த கண்ணாடி அணிந்தவர். நீங்களும் பள்ளி நாட்களிலிருந்து மைனஸ் எட்டுக் கண்ணாடி அணிபவர். விழித்திரை விலகும் வாய்ப்பைக் கூட்டும் கிட்டப்பார்வை குடும்ப வழியாக வரக்கூடியது என்பதால் உங்கள் பயம் வீண் பயம் அல்ல. ஆனால் அவர் நிழல் விழுந்த பிறகும் காத்திருந்தார். நீங்கள் மின்னல் தெரியும்போதே கேட்டுவிட்டீர்கள். பார்வையைக் காப்பாற்றுவதற்கான காலம் இந்த இரண்டுக்கும் இடையில்தான் இருக்கிறது.

விழிக்கோளத்தின் உட்பகுதியில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கை விட்ரியஸ் என்னும் நிறமற்ற கூழ்மம் நிரப்பியிருக்கிறது. அதன் அளவு சுமார் 4 மில்லிலிட்டர். அதில் 98 சதவீதம் தண்ணீர். மீதிச் சிறு பங்காக இருக்கும் கொலாஜன் இழைகளும் ஹயலூரோனிக் அமிலமும்தான் அந்தத் தண்ணீரைக் கூழாகப் பிடித்து வைத்திருக்கின்றன. வயது ஏற ஏற இந்தப் பிடிப்பு தளர்கிறது; சில இடங்களில் கூழ் நீராகிவிட, இழைகள் ஒன்றோடொன்று சேர்ந்து திரள்கின்றன. வெளியிலிருந்து ஒளி வரும்போது அந்தத் திரள்களின் நிழல் விழித்திரையின் மேல் விழுகிறது. நீங்கள் பூச்சி, கொசு, நூல் என்று எழுதியிருப்பவை எல்லாம் இந்த நிழல்களே.

காசிமேட்டுக் கடற்கரையில் நின்று வானத்தைப் பார்த்தால் மட்டும் அவை ஏன் அதிகமாகத் தெரிகின்றன என்று நல்ல கேள்வி கேட்டிருக்கிறீர்கள். வெளிச்சம் மிகுந்த இடத்தில் கண்மணி சுருங்கிவிடுகிறது. சிறிய துளை வழியாக நுழையும் ஒளியில் நிழலின் விளிம்பு கூர்மையாகிறது. பின்னணியில் வேறு உருவங்கள் இல்லாததால் அந்த நிழல் தனித்துத் தெரிகிறது. நேராகப் பார்க்க முயன்றால் அது நழுவுவதற்குக் காரணம், நிழலைத் தரும் இழை கண்ணுக்குள்ளேயே இருப்பதுதான். கண் திரும்பினால் அதுவும் திரும்புகிறது. கண் நின்ற பிறகும் கூழ்மம் சற்று அசைந்து அடங்குவதால், பூச்சியும் கொஞ்சம் மிதந்துவிட்டுத்தான் நிற்கிறது. ஆண்டுக்கணக்காக எண்ணிக்கை கூடாமல் இருக்கும் பழைய பூச்சிகளைப் பற்றிக் கவலைப்பட எதுவும் இல்லை.

மின்னல் அப்படியல்ல. 50 வயதைக் கடந்தவர்களுக்கும், கிட்டப்பார்வை மிகுந்தவர்களுக்கு இன்னும் முன்னதாகவும், சுருங்கிய கூழ்மம் ஒரு கட்டத்தில் விழித்திரையிலிருந்து பிரிகிறது. முதுமையில் பெரும்பாலானவர்களுக்கு இது நடக்கிறது. இதையே ஒரு நோய் என்று சொல்ல முடியாது. ஆனால் பிரியும்போது, தான் இறுக்கமாக ஒட்டியிருக்கும் இடங்களில் கூழ்மம் விழித்திரையைப் பிடித்து இழுக்கிறது. விழித்திரைக்கு வலியை உணரும் நரம்பு கிடையாது. அதற்குத் தெரிந்தது ஒளி ஒன்றுதான் என்பதால், அழுத்தினாலும் இழுத்தாலும் அதை ஒளி என்றே மூளைக்குத் தெரிவிக்கிறது. கண்ணைக் கசக்கும்போது நட்சத்திரங்கள் தெரிவதும் இதனால்தான். அதற்குப் பயப்பட வேண்டாம், ஆனால் கசக்குவதை விட்டுவிடுங்கள். விரலே படாமல், இருட்டில் கண்ணைத் திருப்பும்போதெல்லாம் ஓரத்தில் ஒளி வெட்டுகிறது என்றால், உள்ளே கூழ்மம் விழித்திரையை இழுத்துக்கொண்டிருக்கிறது என்று கொள்ள வேண்டும். பகல் வெளிச்சத்தில் அந்த மங்கலான ஒளி எடுபடாததால், பகலில் கண் சரியாகிவிட்டது என்று பலர் ஏமாந்துபோகிறார்கள்.

பெரும்பாலானவர்களுக்கு இந்த இழுப்பு சில வாரங்களில் ஓய்ந்து, மின்னலும் நின்றுவிடும். ஆனால் இப்படித் திடீரென்று மின்னலும் புதுப் புள்ளிகளுமாக வருபவர்களில் 10 பேரில் ஒருவருக்காவது விழித்திரை கிழிந்திருக்கிறது. யாருக்குக் கிழிந்திருக்கிறது, யாருக்கு இல்லை என்பதை அறிகுறிகளைக் கேட்டுச் சொல்ல எந்த மருத்துவராலும் முடியாது; கண்ணுக்குள் பார்த்தால்தான் தெரியும். கொத்தாக வந்த கறுப்புப் புள்ளிகள், கிழியும் இடத்தில் சிறு இரத்தநாளம் அறுந்து சிந்திய இரத்தமாகவும் இருக்கலாம் என்பதால்தான் உங்கள் விஷயத்தில் இவ்வளவு அவசரப்படுத்துகிறேன். கிழிசல் வழியாக நீர் புகுந்துவிட்டால், மழைநீர் இறங்கிய சுவரொட்டி சுவரை விட்டுப் பிரிவது போல விழித்திரை தன் இடத்திலிருந்து பிரியத் தொடங்கும். பிரிந்த பகுதிக்கு நேரான பார்வை நிழலாக மறைகிறது. உங்கள் தந்தை கண்ட நிழல் அதுவாகவே இருந்திருக்கும்.

கிழிசலாக இருக்கும்போதே கண்டுபிடித்துவிட்டால், அதைச் சுற்றி லேசரால் தழும்பு உண்டாக்கி நீர் புகாமல் அடைத்துவிடலாம். சிகிச்சை முடிந்து அன்றே வீடு திரும்பலாம். விழித்திரை விலகிவிட்டால் அறுவை சிகிச்சை தேவைப்படும். கூர்மையான பார்வையைத் தரும் மையப் பகுதியான மாக்குலாவும் விலகிவிட்டால், விழித்திரையை மீண்டும் ஒட்டவைத்தாலும் பழைய பார்வை முழுமையாகத் திரும்புவது அரிது. ஒரு காலத்தில் இதற்குச் சிகிச்சையே இல்லை. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் ஜூல் கோனின் என்ற கண் மருத்துவர், கிழிசல்தான் விலகலுக்குக் காரணம் என்று காட்டி, அதை மூடினால் விழித்திரை ஒட்டிக்கொள்ளும் என்பதை 1920களில் நிறுவிய பிறகே நிலைமை மாறியது. உங்கள் தந்தையின் காலத்தில் இங்கும் சிகிச்சை இருந்தது. ஆனால் வலிக்காத ஒன்று கண்ணைப் பறித்துவிடும் என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரிய வழியில்லை. அதற்காக அவரையோ, எண்ணெய் வைத்தவர்களையோ நொந்துகொள்ளாதீர்கள்.

இனி மற்றவை. இமை துடிப்பது சகுனமும் அல்ல, நரம்புத் தளர்ச்சியும் அல்ல. தூக்கம் குறைந்தாலும், டீ, காபி அதிகமானாலும் வரும், தானே போய்விடும். நீல வானத்தில் வெண்ணிறப் புள்ளிகள் சுற்றிச் சுற்றி ஓடுவதைப் பார்த்து இரத்தத்தில் கோளாறோ என்று கேட்டிருக்கிறீர்கள். விழித்திரையின் நுண்குழாய்களில் ஓடும் உங்கள் வெள்ளணுக்களையே நீங்கள் பார்க்கிறீர்கள். சிவப்பணுக்கள் நீல ஒளியை உறிஞ்சிக்கொள்ள, வெள்ளணுக்கள் அதை உள்ளே விடுவதால், அவை கடக்கும் இடம் ஒளிப்புள்ளியாகத் தெரிகிறது. கூர்ந்து பார்த்தால் நாடித்துடிப்புக்கு ஏற்ப அவற்றின் வேகம் கூடிக் குறைவதும் தெரியும். எந்தக் கருவியும் இல்லாமல் தன் இரத்த ஓட்டத்தைத் தானே காண முடிகிறதே என்ற வியப்பு எனக்கு இன்றும் தீரவில்லை; இதற்காகப் பரிசோதனை எதுவும் வேண்டாம்.

மூளைக்கட்டியையும் விட்டுவிடுங்கள். ஒரு கண்ணின் ஓரத்தில் மட்டும் வெட்டும் ஒளி அந்தக் கண்ணிலிருந்து வருவது. மூளையில் உண்டாகும் ஒளிக்காட்சி, ஒற்றைத் தலைவலிக்கு முன்னால் தோன்றும் நெளிநெளியான ஒளிக்கோட்டைப் போல, இரண்டு கண்களுக்கும் தெரியும். எந்தக் கண்ணை மூடினாலும் மறையாது. நள்ளிரவு வரை கைபேசியில் நோய்களைத் தேடிக்கொண்டிருந்த ஒரு வாரத்தில் ஒரு நாள் காலையில் மருத்துவமனைக்குப் போயிருந்தால், இந்நேரம் விடை தெரிந்திருக்கும். இது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

அதைவிட வருத்தம், மருந்துக் கடையில் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்ட சொட்டு மருந்து. நீங்கள் எழுதியனுப்பியிருக்கும் பெயர் ஸ்டீராய்டு மருந்தினுடையது. கண்ணுக்குள் மிதக்கும் இழைகளைக் கரைக்கும் சொட்டு மருந்து என்று எதுவும் கிடையாது. ஆனால் மருத்துவர் கண்காணிப்பு இல்லாமல் ஸ்டீராய்டைத் தொடர்ந்து போட்டால், கண்ணின் அழுத்தம் உயர்ந்து பார்வை நரம்பு கெடலாம், கண்புரையும் வரலாம். அதை இன்றோடு நிறுத்திவிட்டு, அந்தப் புட்டியை மருத்துவரிடம் எடுத்துச் சென்று காட்டுங்கள். விளக்கெண்ணெய், தாய்ப்பால், பன்னீர் எதையும் கண்ணில் விடாதீர்கள். அன்னாசிப்பழம் தின்றால் பூச்சி மறையும் என்று வாட்ஸாப்பில் வந்ததை நம்பி நாட்களைக் கடத்தாதீர்கள். பழத்தைத் தின்னலாம், பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.

உங்களுக்கு அருகில் ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலேயே கண் பிரிவு இருக்கிறது. 1819இல் தொடங்கப்பட்டு, உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளுள் ஒன்றாக விளங்கும் எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்குப் போவதாக இருந்தால், தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறி, சென்ட்ரலில் மாறினால், எழும்பூர் அடுத்த நிறுத்தம். கண்மணியை விரித்த பிறகு சில மணி நேரம் பார்வை மங்கலாகவும் வெயில் கூசும்படியும் இருக்கும் என்பதால், வழக்கம் போல ஸ்கூட்டரில் போகாதீர்கள். துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். கண்ணாடிக் கடையில் பவர் பார்ப்பது இதற்குப் பரிசோதனை ஆகாது. மின்னல் தெரிகிறது, புதுப் புள்ளிகள் வந்திருக்கின்றன, தந்தைக்குப் பார்வை போனது என்ற மூன்றையும் சீட்டு எழுதும் இடத்திலேயே சொல்லிவிட்டால், உங்களை வரிசையில் காக்கவைக்கக் கூடாது என்பது அங்கிருப்பவர்களுக்குப் புரியும்.

முதல் பரிசோதனையில் கிழிசல் இல்லை என்று சொன்னாலும், கூழ்மம் முழுமையாகப் பிரிந்து முடியும் வரை புதிதாகக் கிழிய வாய்ப்பு உண்டு. ஆகவே மறுபடி வரச் சொல்லும் நாளில் தவறாமல் போங்கள். அதுவரை தினமும் காலையில் ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் சுவரிலுள்ள நாள்காட்டியைப் பாருங்கள். பிறகு கண்ணை மாற்றிப் பாருங்கள். எந்தப் பக்கத்திலிருந்தாவது நிழலோ திரையோ படிவது போலத் தெரிந்தால், இரவாக இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

மைனஸ் ஆறு பவர் இருந்த உங்கள் மகள், திருமணத்துக்கு முன் லேசர் செய்து கண்ணாடியைக் கழற்றிவிட்டதால் அவருக்கு இந்தத் தொல்லை வராது என்று கடிதத்தின் கடைசியில் நிம்மதிப்பட்டிருக்கிறீர்கள். அந்த லேசர் மாற்றியது முன்னால் இருக்கும் கருவிழியின் வளைவை மட்டுமே. இயல்பான கண் முன்னிருந்து பின்னாக ஏறத்தாழ 24 மில்லிமீட்டர் நீளம் இருக்கும். கிட்டப்பார்வை மிகுந்த கண் 26 மில்லிமீட்டருக்கும் மேல் நீண்டு, அதற்கேற்ப விழித்திரையும் இழுபட்டு மெலிந்திருக்கும். கண்ணாடியைக் கழற்றினாலும் அந்த நீளம் குறைவதில்லை. உங்களுக்குத் துணையாக அவரையே அழைத்துச் சென்று, அவருடைய விழித்திரையையும் ஒருமுறை ஓரம் வரை பார்த்துவிடச் சொல்லுங்கள்.