நபியும் ரசூலும் ஒன்றா?

கேள்வி: குன்னூர் தேயிலைத் தோட்டத்தில் என்னுடன் வேலை செய்யும் முஸ்லிம் அக்கா, 'நபி' வேறு, 'ரசூல்' வேறு என்கிறார். விளக்குவீர்களா?
- வாசகி, குன்னூர்

பதில்: அவர் சொல்வது சரியே. இறைவனிடமிருந்து 'வஹீ' எனும் செய்தியைப் பெற்ற மனிதர் நபி. அவர்களுள் தூதுச் செய்தியுடன் ஒரு சமூகத்தாரிடம் அனுப்பப்பட்டவரே ரசூல் என்பது அறிஞர் பலரின் விளக்கம். குர்ஆன் 25 நபிமார்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டாலும், சொல்லப்படாத தூதர்களும் உண்டென்று அதுவே கூறுவதால் (அத்தியாயம் 40, வசனம் 78), அவர்களையும் முஸ்லிம்கள் ஏற்கிறார்கள். நபிமார்கள் உணவுண்டு, நீங்கள் ஞாயிறு சந்தைக்குப் போவதைப் போலக் கடைவீதியில் நடந்த மனிதர்கள் (25:20) என்பதையே நான் முக்கியமாகக் கருதுகிறேன். பசியறியாத வானவர் ஒருவர் நமக்கு எப்படி முன்மாதிரியாவார்? நபிமார்களின் வரிசை முஹம்மது நபியுடன் நிறைவுற்றது (33:40).