வியாழக்கிழமை விருந்துக்கு என்ன இனிப்பு?

கன்னியாகுமரி மாவட்டத்து இரணியல் பக்கத்திலிருந்து ஜூலை மாதம் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்துக்குப் போய்ச் சேர்ந்த தங்கச்சி ஒருவர் கேட்டிருக்கிறார்: "நவம்பர் கடைசியில் வரும் தேங்க்ஸ்கிவிங் என்ற அமெரிக்க நன்றித் திருநாள் விருந்தைக் கணவரின் அண்ணன் வீட்டில் வைத்திருக்கிறார்கள். அண்ணனின் மனைவி அமெரிக்கர். அவருடைய அப்பாவும் அம்மாவும் வருவார்கள். ஊரிலிருந்து என் மாமியாரும் வந்திருக்கிறார், அவருக்குச் சர்க்கரை நோய் உண்டு. பிள்ளைகளையும் சேர்த்துப் பன்னிரண்டு பேர். இனிப்பு மட்டும் எங்கள் பொறுப்பு. எத்தனை வகை செய்ய வேண்டும் அக்கா? நம்முடையதைச் செய்வதா, அவர்களுடையதைச் செய்வதா? கடையில் வாங்கிக்கொண்டு போனால் குறைவாக நினைப்பார்களா?"

இருபத்திரண்டு ஆண்டுகளாக அதே மாநிலத்தில் இருக்கிறேன். விடுமுறைக்கு வந்து, தக்கலையில் அம்மா வீட்டு அடுக்களையை ஒட்டிய திண்ணையில் இருந்துகொண்டு இந்தப் பதிலை எழுதுகிறேன். உள்ளே அம்மா சிறுபயறு வறுத்துக்கொண்டிருக்கிறார். உங்கள் கேள்வியை அவரிடமும் வாசித்துக் காட்டினேன். இரண்டு வகை போதும் என்பதுதான் எங்கள் இருவருடைய பதிலும். ஒன்று நம்முடைய பாயசம், அதை நீங்களே காய்ச்சுங்கள். மற்றொன்று அவர்களுடைய பம்ப்கின் பை என்ற பூசணிப் பலகாரம், அதைக் கடையில் வாங்குங்கள். மூன்றாவதாக ஏதேனும் வைத்தே ஆக வேண்டும் என்று தோன்றினால் அது பழமாக இருக்கட்டும்.

நான் போன முதல் ஆண்டில் இப்படி ஒரு விருந்துக்கு ஐந்து வகை செய்தேன். கல்யாண வீட்டு இலையை மனத்தில் வைத்து, வகை குறைந்தால் மரியாதை குறைந்துவிடும் என்று நினைத்து, இரண்டு நாள் தூங்காமல் அடுப்படியில் நின்றேன். வான்கோழியும், மசித்த உருளைக்கிழங்கும், ரொட்டித் துண்டுகளில் செய்யும் ஸ்டஃபிங்கும், குழம்பு போன்ற கிரேவியும் சாப்பிட்டு முடித்தவர்களின் வயிற்றில் இடமே இருக்கவில்லை. மரியாதைக்காக ஒவ்வொன்றிலும் ஒரு துணுக்கு எடுத்தார்களே தவிர, எதையும் ருசித்து உண்ண அவர்களால் முடியவில்லை. எதை உண்டோம் என்றுகூட மறுநாள் யாருக்கும் நினைவில்லை. அதற்குப் பிறகு பாயசம் மட்டும் காய்ச்சிக்கொண்டு போனேன். அடுத்த ஆண்டு அந்த வீட்டார் அதைப் பெயர் சொல்லிக் கேட்டார்கள்.

இதற்கு ஒரு காரணம் உண்டு. நம் ஊர் விருந்தில் பாயசம் கடைசியில் வருவதில்லை. பருப்பும் நெய்யும், சாம்பாரும் முடிந்த பிறகு இலையிலேயே பாயசத்தை விட்டு, பப்படத்தை நொறுக்கி, மட்டி வாழைப்பழத்தைப் பிசைந்து உண்டுவிட்டு, அதற்குப் பிறகுதான் ரசத்துக்கும் மோருக்கும் போகிறோம். பின்னால் வரும் புளிப்பும் காரமும் அந்த இனிப்பை வாங்கிக்கொள்கின்றன. அதனால்தான் இரண்டு பிரதமன், அதாவது தேங்காய்ப்பால் விட்ட பாயசம், உண்ட பிறகும் நமக்குத் திகட்டுவதில்லை. அங்கே அப்படியில்லை. சாப்பாடு முடிந்து, மேசையை ஒதுக்கி, ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்துவிட்டு, காப்பியோடு இனிப்புக்கு வருகிறார்கள்; அதற்குப் பின்னால் ரசமும் இல்லை, மோரும் இல்லை. ஆகவே ஊரில் போடும் வெல்லத்தில் கால் பங்கைக் குறைத்து, ஆளுக்குச் சுமார் 120 மில்லி கொள்ளும் சிறிய கிண்ணங்களில் விளம்புங்கள். வேண்டுமென்றால் இரண்டாவது முறை கேட்டு வாங்கிக்கொள்வார்கள்.

பாயசத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதற்கு அடுப்பும் ஒரு காரணம். தேங்க்ஸ்கிவிங் என்பது 1941-இல் வந்த சட்டப்படி நவம்பரின் நான்காவது வியாழக்கிழமை. அன்று காலையிலிருந்தே அந்த வீட்டு ஓவனை வான்கோழி பிடித்துக்கொள்ளும். பறவையின் அளவைப் பொறுத்து மூன்று முதல் ஐந்து மணி நேரம் அது உள்ளே இருக்கும். வெளியே வந்த உடனே மற்ற பதார்த்தங்கள் உள்ளே போகும். அந்த நாளில் ஓவனில் இடம் கேட்பதைப் போலத் தொந்தரவு வேறில்லை. நம்முடைய பாயசத்துக்கோ மேலே இருக்கும் அடுப்பில் ஓர் ஓரம் போதும்.

எந்தப் பாயசம் என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. அடைப்பிரதமன்தான் நம் ஊர் விருந்தின் தலைமை என்றாலும், முதல் முறை உண்பவர்களுக்கு அதில் போடும் அரிசிமாவு அடையின் வழுவழுப்பு பழக்கமில்லாததாக இருக்கும். சக்கை என்று நாம் சொல்லும் பலாப்பழத்தில் செய்யும் பிரதமனுக்கு, பழத்தை வெல்லத்தோடு கிளறி எடுத்த நல்ல வரட்டி வேண்டும். அங்கே பெரும்பாலும் கிடைக்கும் டப்பாச் சக்கை சர்க்கரைப் பாகில் ஊறியது, மணம் வராது. சிறுபயற்றம்பருப்புப் பாயசம் செய்யுங்கள். அதில் கோதுமை இல்லை, முட்டை இல்லை. நெய்க்குப் பதிலாகத் தேங்காய் எண்ணெய் விட்டால் பால் சேர்ந்த பொருளும் இல்லை. பன்னிரண்டு பேர் கூடும் மேசையில் எதையாவது தவிர்ப்பவர் ஒருவர் இருப்பார். அவரும் தயங்காமல் கையை நீட்டக்கூடிய இனிப்பு இது.

200 கிராம் பருப்பை வாசம் வரும்வரை வறுத்து, குழைய வேகவைத்துக்கொள்ளுங்கள். 350 கிராம் வெல்லத்தை உருக்கி, மண் போக வடிகட்டி, பருப்போடு சேர்த்து, கரண்டியில் இழுத்தால் அடி தெரியும்வரை வரட்டுங்கள். இந்த வரட்டலில் அவசரப்பட்டால் பாயசம் பருப்புக் கஞ்சியாக நின்றுவிடும் என்று அம்மா உள்ளிருந்து சொல்கிறார், அது உண்மை. 400 மில்லி தேங்காய்ப்பால் டப்பா இரண்டு வாங்கி, ஒன்றை அதே அளவு தண்ணீர் விட்டு இளக்கி இரண்டாம் பாலாக ஊற்றிக் கொதிக்கவிடுங்கள். மற்றதை இளக்காமல் தலைப்பாலாக வைத்துக்கொள்ளுங்கள். சுக்கும் ஏலமும் பொடித்துப் போட்டு, தேங்காய்க் கொத்தை வறுத்துச் சேருங்கள்.

தலைப்பாலை உங்கள் வீட்டில் சேர்க்காதீர்கள். பாத்திரத்தில் இரண்டாம் பால் வரைக்குமான பாயசத்தையும், தனியே அந்த டப்பாவையும் எடுத்துக்கொண்டு போங்கள். அவர்கள் மேசையை ஒதுக்கும் நேரத்தில் பாயசத்தைச் சுடவைத்து, தீயை அணைத்த பிறகு தலைப்பாலை ஊற்றிக் கிளறுங்கள். தலைப்பால் சேர்ந்த பாயசத்தை மறுபடி கொதிக்கவிட்டால் அது திரிந்து எண்ணெய் பிரியும். மேலும் ஆறிய பாயசம் இறுகிவிடும் என்பதால் இளக்குவதற்கும் இந்த வழி உதவும். அந்த நேரத்தில் எழும் மணம் கூடத்திலிருப்பவர்களை எழுந்து வரச் செய்யும். கொஞ்சம் பப்படமும் பொரித்துக்கொண்டு போய்ப் பிள்ளைகளிடம் நொறுக்கிப் போடச் சொல்லுங்கள். அங்கே பிறந்த என் மகன் பாயசத்தைத் தொட ஆரம்பித்தது பப்படத்தால்தான்.

இனி பம்ப்கின் பை. அதன் உள்ளீடு நம் ஊர் மத்தங்காயின் உறவுதான்: மசித்த பூசணியோடு முட்டையும், சுண்டிய பாலும், பட்டை, இஞ்சிப்பொடி, கிராம்பும் சேர்த்து மாவு ஓட்டில் ஊற்றிச் சுடுகிறார்கள். எரிசேரி என்ற கூட்டில் உண்ட காய்க்கு இப்படியொரு வடிவமா என்று உங்கள் மாமியார் வியப்பார். ஒன்பது அங்குலப் பை ஒன்றில் எட்டுத் துண்டு வரும். இரண்டு வாங்கினால் தாராளம். கடையில் வாங்கியது என்று குறைவாக நினைக்கமாட்டார்கள். அந்த நாட்டிலேயே பல வீடுகளில் பையைக் கடையில்தான் வாங்குகிறார்கள். உங்கள் உழைப்பு எதில் தெரிய வேண்டுமோ அதில் தெரியட்டும். ஆனால் அண்ணனின் மாமியார் தம் கையால் பை சுட்டுக் கொண்டுவரும் வழக்கமுள்ளவரா என்று முன்னதாகக் கேட்டுக்கொள்ளுங்கள். சில குடும்பங்களில் அந்தப் பை ஒரு பாட்டியின் உரிமை. அதன் பக்கத்தில் கடைப் பையைக் கொண்டுபோய் வைக்கக் கூடாது. அப்படியானால் நீங்கள் பாயசத்தோடு நின்றுகொள்ளலாம்.

பையைச் செவ்வாய் அல்லது புதன்கிழமையே வாங்கிவிடுங்கள்; வியாழனன்று பெரிய கடைகள் பலவும் அடைத்திருக்கும். முட்டையும் பாலும் சேர்ந்தது என்பதால் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும்; வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்பது அந்நாட்டு வேளாண்துறையின் உணவுப் பாதுகாப்பு விதி. பாயசத்துக்கும் அதே விதியைக் கடைப்பிடியுங்கள். வீட்டில் சைவம் மட்டும் உண்பவர்கள் இருந்தால் பொட்டலத்தின் பின்பக்கத்தை வாசியுங்கள்: சில பை ஓடுகளில் லார்ட் எனப்படும் பன்றிக்கொழுப்பு சேரும், ஜெல்லியிலும் மார்ஷ்மெல்லோவிலும் விலங்கின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கும் ஜெலட்டின் இருக்கும்.

ஒவ்வாமையைப் பற்றிக் கூச்சப்படாமல் கேளுங்கள். நம் ஊரில் விருந்தாளியிடம் "உங்களுக்கு எது சேராது?" என்று கேட்பது வழக்கமில்லை, அங்கே கேட்காமல் இருப்பதுதான் தவறு. அண்டிப்பருப்பும் (முந்திரிப்பருப்பு) நிலக்கடலையும் சிலருக்கு உயிருக்கே ஆபத்தாக முடியும். எள்ளையும் அமெரிக்கச் சட்டம் முக்கியமான ஒவ்வாமைப் பொருள்களில் ஒன்பதாவதாகச் சேர்த்து, 2023 ஜனவரி 1 முதல் பொட்டலங்களில் குறிப்பிட வேண்டும் என்று ஆக்கியிருக்கிறது. அண்டிப்பருப்பைப் பாயசத்துக்குள் போடாமல், வறுத்துத் தனிக் கிண்ணத்தில் வைத்துவிடுங்கள். என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று ஒரு சீட்டில் எழுதிப் பாத்திரத்தின் அருகில் வைத்தால், உங்களிடம் கேட்கத் தயங்குபவர்களும் வாசித்துக்கொள்வார்கள்.

மாமியாரைப் பற்றி நீங்கள் எழுதிய ஒரு வரி என் மனத்தில் நின்றுவிட்டது. வெல்லமும் கருப்பட்டியும் சர்க்கரை நோய்க்குத் தீங்கில்லை என்ற பேச்சு நம் பக்கத்தில் வீட்டுக்கு வீடு இருக்கிறது. அதை நம்ப வேண்டாம். இரண்டிலும் பெரும்பகுதி சர்க்கரைதான், இரத்தத்தில் ஏறத்தான் செய்யும். அதற்காக எல்லாரும் உண்ணும்போது அவர் முன்னால் வெறும் கிண்ணத்தை வைக்காதீர்கள். அயல்நாட்டில், மொழி புரியாத மேசையில், தம் ஊர்ப் பாயசத்தையும் தமக்கு இல்லை என்று ஒதுக்கினால் அந்த அம்மாவுக்கு எவ்வளவு கஷ்டமாக இருக்கும்! உருளைக்கிழங்கையும் ரொட்டியையும் குறைத்துக்கொண்டு, நாலைந்து சிறு கரண்டிப் பாயசம் ருசிக்கலாமா என்று அவருடைய மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுவையுங்கள். அவருக்குச் சர்க்கரை சேராத தனி இனிப்பு என்று வாங்குவதை நான் விரும்புவதில்லை. எல்லாரும் உண்பதில் சிறிதளவு கிடைப்பதைத்தான் என் அம்மாவும் விரும்புகிறார்.

பழத்துக்கு வருகிறேன். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் மட்டிப்பழத்தை ஊரிலிருந்து கொண்டுபோக முடியாது. பழங்களை அந்நாட்டுச் சுங்கத்தில் விடுவதில்லை. லத்தீன் அமெரிக்கர்களின் மளிகைக் கடைகளில் மன்சானோ என்ற பெயரில் குட்டையான வாழைப்பழம் கிடைக்கும்; நன்றாகப் பழுத்தால் அதில் நம் ரசகதலியின் (ரஸ்தாளி) புளிப்பும் இனிப்பும் இருக்கும். அதே கடையில் பிளாண்டெய்ன் என்று விற்பது ஏத்தன் (நேந்திரம்) வாழையின் இனம். தோல் கறுக்கும்வரை வைத்திருந்து, ஆவியில் அவித்து வட்டமாக நறுக்கி வைத்தால், பாயசத்தோடு தொட்டு உண்ண நன்றாக இருக்கும்.

அம்மா வறுக்கும் பயறு முந்திரிக்கொத்துக்கு. விருந்து மேசைக்கு அதை நான் சொல்லவில்லை. ஆனால் விருந்து முடிந்து புறப்படுகிறவர்கள் கையில் ஒரு பொட்டலம் கொடுத்தனுப்ப அதைவிட நல்ல பலகாரம் இல்லை. பயற்றுமாவையும் வெல்லப்பாகையும் தேங்காய்த் துருவலையும் எள்ளையும் உருட்டி, அரிசிமாவில் முக்கி, மூன்று மூன்றாக ஒட்டிப் பொரித்தால் திராட்சைக் குலை போல இருக்கும். நம் பக்கத்துப் பேச்சில் முந்திரி என்பது திராட்சை, முந்திரிப்பருப்பு என்பது அண்டிப்பருப்பு. பெயரைக் கேட்டு அண்டிப்பருப்பு சேர்ந்ததோ என்று யாரும் பயப்பட வேண்டாம், ஆனால் எள் உண்டு என்பதைச் சொல்லிவிடுங்கள். தேங்காயை ஈரம் போக வறுத்துச் சேர்த்தால் இரண்டு வாரம் தாங்கும். ஊரிலிருந்து யாராவது வருவதாக இருந்தால் செய்து கொடுத்துவிடச் சொல்லலாம். உணவுப் பொருள் இருப்பதாகச் சுங்கப் படிவத்தில் மட்டும் மறைக்காமல் எழுதச் சொல்லுங்கள்.

மக்களே, இன்றைக்கே அண்ணனின் மனைவியைக் கூப்பிட்டு இரண்டு விஷயம் கேளுங்கள்: அவருடைய அம்மா பை சுடுவாரா, யாருக்காவது ஏதாவது சேராதா? நான் நவம்பர் முதல் வாரம் திரும்புகிறேன். வடசேரிச் சந்தையில் நல்ல சுக்கும் கருப்பட்டியும் வாங்கி வைத்திருக்கிறேன். ஒரு பங்கு உங்களுக்கும் உண்டு. உங்கள் முகவரியைத் தனியே எழுதி அனுப்புங்கள்.