‘தமிள்’ என்றால் சிரிப்பதா?

கேள்வி: நான் பாளையங்கோட்டைப் பக்கம் பிறந்தவள். திருமணமாகிச் சென்னைக்கு வந்தேன். ஏழாம் வகுப்புப் படிக்கும் என் மகள் பள்ளிப் பேச்சுப் போட்டியில் ‘தமிள் வாள்க’ என்று முடித்தாள், எல்லோரும் சிரித்துவிட்டார்கள். என் பேச்சைக் கேட்டுத்தான் பிள்ளையின் நாக்கு கெட்டது என்கிறார் மாமியார். அவர் வண்ணாரப்பேட்டையிலேயே பிறந்து வளர்ந்தவர். வீட்டில் வாய் திறக்கவே கூச்சமாக இருக்கிறது. நான் என் பேச்சை மாற்றிக்கொள்ள வேண்டுமா? இன்னொரு சந்தேகம்: ‘சுவற்றில்’, ‘சுவரில்’, எது சரி?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சென்னை

பதில்: அன்புச் சகோதரி, நீங்கள் மாற வேண்டாம். மகளுக்கு மேடைக்காக ழகரத்தைப் பழக்குங்கள். முன்னது நீங்கள் பிறந்த ஊரின் பேச்சு, பின்னது ஒரு பயிற்சி. இரண்டையும் போட்டுக் குழப்பியவர்கள் அன்று சிரித்தவர்களும் உங்கள் மாமியாரும்தான்.

மதுரைக்குத் தெற்கே பெரும்பாலும் ழகரம் பேச்சில் ளகரமாகிவிடும். ‘வாளைப்பளம்’, ‘மளை’, ‘கோளி’ என்று சொல்வது அங்கே சோம்பல் நாக்கின் அடையாளமல்ல. பள்ளியில் முதலிடம் வாங்கிய பிள்ளையும் அப்படித்தான் பேசும். வட மாவட்டங்களில் அதே ழகரம் வேறு வழியில் போனது. அங்கே பழைய பேச்சில் ‘வாயப்பயம்’, ‘கோயி’ என்று யகரமாகும். இன்னும் ஒரு படி போய் ‘இழுத்துக்கொண்டு’ என்பது சென்னைப் பேச்சில் ‘இஸ்துகினு’ ஆகும். ழகரத்தின் சுவடே அதில் இல்லை. மாமியாரிடம் இதைச் சண்டையாகச் சொல்லாதீர்கள். சும்மா ஒரு நாள் அந்தச் சொல் அவர் வாயில் வரும்போது காது கொடுத்துக் கேளுங்கள், கூச்சம் பாதி போய்விடும்.

ழகரம் தவறினால் எல்லோருக்கும் கேட்கிறது. ‘இலை’யை ‘எலை’ என்றும், ‘இட’த்தை ‘எடம்’ என்றும், ‘உடம்பை’ ‘ஒடம்பு’ என்றும் சொல்வது யார் காதிலும் விழுவதில்லை. தமிழ்நாட்டில் ஏறக்குறைய எல்லோரும் வீட்டில் அப்படித்தான் பேசுகிறோம், தமிழாசிரியர்கள் உட்பட. இதற்கு ஒழுங்கான விதியே உண்டு. சொல்லின் முதலில் இகரமோ உகரமோ இருந்து, அடுத்த அசையில் அகரமோ ஐகாரமோ வந்தால், முதல் உயிர் எகரமாகவும் ஒகரமாகவும் இறங்கும். ‘இனிப்பு’, ‘உளுந்து’ இரண்டும் அசையாமல் நிற்பதைப் பாருங்கள். அவற்றில் அடுத்து அகரம் இல்லை. எல்லோரும் சேர்ந்து செய்வதைப் பேச்சுவழக்கு என்கிறோம். ஓர் ஊர்க்காரர் மட்டும் செய்தால் கொச்சை என்கிறோம். எனக்கு இந்தக் கணக்கு ஒருநாளும் பிடித்ததில்லை.

யாழ்ப்பாணத்தாரின் தமிழைக் கேட்டு இங்கே உருகுகிறவர்கள் பலர். அவர்களும் பேச்சில் ழகரத்தை ளகரமாகவே சொல்வார்கள். ஆனால் ‘காற்று’, ‘வெற்றி’ ஆகிய சொற்களில் வரும் இரட்டை றகரத்தை, நாக்கு நுனியை மேல் ஈறில் அழுத்தி, பழைய முறையில் ஒலிக்கிறார்கள். அதனால்தான் ஈழத்து எழுத்தில் டிக்கெட் ‘ரிக்கெற்’ ஆகிறது. நாமோ பேச்சில் ‘காத்து’ என்கிறோம், படிக்கும்போது ‘காற்ரு’ என்று இழுக்கிறோம். கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் ழகரமும் நல்லபடி இருக்கிறது, இந்த றகரமும் இருக்கிறது. மிச்சமுள்ள நாம் எல்லோரும் ஏதோ ஒன்றைத் தொலைத்தவர்கள்தாம்.

மேடை வேறு. அங்கே பொதுத் தமிழ் வேண்டும், ‘வழி’ என்றால் ‘வளி’ என்று கேட்கக் கூடாது. ழகரம் பிறக்கும் இடத்தைத் தொல்காப்பியர் சொல்லியிருக்கிறார்: நுனிநாக்கு மேல்நோக்கி வளைந்து அண்ணத்தை வருட வேண்டும். மகளை முதலில் ‘ள்ள்ள்’ என்று நீட்டச் சொல்லுங்கள். நாக்கு நுனி மேலண்ணத்தில் ஒட்டியிருக்கும், காற்று இரு பக்கமும் வழியும். அப்படியே ஒலியை நிறுத்தாமல் நுனியை ஒரு நெல்மணி அளவு கீழே விடட்டும். ஒட்டு விட்டதும் காற்று நடுவில் ஓடும். அதுதான் ழகரம். பிறகு கிளி–கிழி, ஒளி–ஒழி, உளவு–உழவு என்று இணை இணையாகச் சொல்லிப் பழகட்டும். முதல் சில நாள் ‘பள்ளி’யும் ‘பழ்ழி’ ஆகும், பயப்படாதீர்கள். தினமும் சிறிது நேரம் செய்தித்தாளை உரக்கப் படிக்கவையுங்கள். நீங்களும் கூட உட்காருங்கள், ஆனால் வாசிப்பு முடிந்ததும் உங்கள் நெல்லைத் தமிழிலேயே காபி குடிக்கக் கூப்பிடுங்கள். பிள்ளைகளுக்கு இரண்டு பேச்சும் ஒரே வாயில் தங்கும்.

அந்தப் போட்டியின் நடுவர்களுக்கும் ஒரு வார்த்தை. ‘நாகரிகம்’ என்பதை ‘நாகரீகம்’ என்று நீட்டுவதும், ‘பதற்ற’த்தைப் ‘பதட்டம்’ ஆக்குவதும் எந்த ஊர்ப் பேச்சுக்கும் சொந்தமல்ல, மேடைதோறும் கேட்கிறேன். சிரிப்பு அதற்கு வரட்டும்.

உங்கள் சந்தேகத்துக்கு: சுவரில் என்பதே சரி. கிணறு றகரத்தில் முடிவதால் கிணற்றில் ஆகிறது, சோறு சோற்றில் ஆகிறது. சுவர் ரகர மெய்யில் முடிகிறது. தேர் ‘தேரில்’ ஆவது போலத்தான் இதுவும். ‘சுவறு’ என்று ஒரு பெயர்ச்சொல் இருந்தால்தான் ‘சுவற்றில்’ விளம்பரம் ஒட்ட முடியும்.