காட்டு கூஸ் கறி: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பண்ணையில் வளர்ந்த கூஸை (வாத்தைவிடப் பெரிய, வாத்து இனப் பறவை) முழுசாக ஓவனில் வைத்தால் அருமையாக வருகிறது. அதே முறையில் காட்டு கூஸை வைத்தால் நெஞ்சுக்கறியில் ஈரல் வாடை அடிக்கிறது, காலைக் கடிக்கவே முடியவில்லை. எங்கே தப்பு நடக்கிறது?

பதில்: முழுசாக வைத்ததுதான் தப்பு. பண்ணைப் பறவைக்குத் தோலுக்கடியில் தடிமனாகக் கொழுப்பு படிந்திருக்கும். இரண்டரை மணி நேரம் ஓவனில் கிடந்தாலும் அது உருகி வழிந்து கறியைக் காய விடாது. காட்டுப் பறவை வலசை போகிற பறவை. நாள் கணக்கில் இறக்கையடித்துப் பறக்கும் நெஞ்சுத் தசையில் ஆக்ஸிஜனைப் பிடித்து வைக்கும் மயோகுளோபின் நிறைய இருக்கிறது. அந்தக் கறி மாட்டுக்கறியைப் போலக் கருஞ்சிவப்பாக இருப்பதற்கு அதுதான் காரணம். தசைக்குள் கொழுப்பு என்று சொல்லும்படி எதுவும் கிடையாது. உள்சூடு 65 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் தசைநார்கள் சுருங்கிச் சாற்றைப் பிழிந்து வெளியே தள்ளிவிடும். மிஞ்சுவது உலர்ந்த, இரும்புச்சத்து மிகுந்த கறி. நீங்கள் சொல்லும் ஈரல் வாடை அங்கிருந்துதான் வருகிறது. காட்டுப் பறவை என்றாலே கவிச்சி அடிக்கும் என்று பலர் பறவையின் மேல் பழி போடுகிறார்கள். பெரும்பாலும் அது அடுப்பில் செய்த தவறுதான்.

காலின் கணக்கு இதற்கு நேர் எதிர். நாள் முழுக்க நடந்து மேய்ந்த கால் அது. அதில் தசையைக் கட்டிப் பிடிக்கும் கொலாஜன் என்ற கெட்டியான புரதம் அதிகம். 85, 90 டிகிரியில் மணிக்கணக்கில் கிடந்தால்தான் அது கரைந்து கறி இளகும். நெஞ்சு பதமாக இருக்கும் நேரத்தில் கால் ரப்பராக இருக்கும், கால் வெந்து முடியும்போது நெஞ்சு கட்டையாகிவிடும். ஒரே ஓவனில், ஒரே நேரத்தில் இரண்டையும் சரியாக எடுக்க வழியே இல்லை. அதனால் பறவையைப் பிரித்துவிடுங்கள். நெஞ்செலும்பின் நடுமேட்டை ஒட்டிக் கத்தியை இறக்கி, முன்பக்கம் கவட்டை எலும்பின் வளைவோடு போய், விலா எலும்பிலிருந்து சதையைச் சீவி எடுங்கள். இரண்டு நெஞ்சுத் துண்டுகளை வறுக்கவும், கால்களையும் இறக்கைகளையும் நிதானமாக வேகவைக்கவும், எலும்புக்கூட்டை சூப்புக்கும் ஒதுக்குங்கள்.

கேள்வி: நெஞ்சுக்கறியைச் சரியாக வறுப்பது எப்படி? அளவோடு சொல்லுங்கள்.

பதில்: 350 கிராம் எடையுள்ள, தோலோடு இருக்கும் ஒரு துண்டை வைத்துச் சொல்கிறோம்.

முதல் நாள் இரவே உப்புத் தடவுங்கள். கிலோவுக்கு 12 கிராம் கணக்கில் இந்தத் துண்டுக்கு 4 கிராம் தூளுப்பு, அதாவது முக்கால் தேக்கரண்டி, போதும். தோல் மேலே இருக்கும்படி கம்பித் தட்டில் வைத்து, மூடாமல் ஃப்ரிட்ஜில் விடுங்கள். உப்பு உள்ளே இறங்கும், தோலும் காயும். ஈரத் தோல் மொறுமொறுப்பாகாது. சமைப்பதற்கு அரை மணி நேரம் முன்பு வெளியே எடுத்து, தோலில் ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் கட்டம் கட்டமாகக் கீறுங்கள். கத்தி கொழுப்போடு நிற்க வேண்டும். சதையைத் தொட்டால் அந்தக் கீறல் வழியே சாறு வடிந்து, வாணலியில் கறி வறுபடாமல் அவியும்.

வாணலி குளிர்ந்திருக்கும்போதே தோல் கீழே படும்படி கறியை வைத்து, அதன் பிறகு அடுப்பைப் பற்றவையுங்கள். சூடான வாணலியில் போட்டால் தோல் சட்டென்று முறுகி, அடியில் உள்ள கொழுப்பு உருகாமல் சவ்வு சவ்வாக மிஞ்சும். தீ மிதத்துக்கும் சற்றுக் குறைவாக இருக்கட்டும். கொழுப்பே இல்லாத ஒல்லிப் பறவை என்றால் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விடலாம். முதல் ஒரு நிமிடம் தோல் சுருங்கி வளையப் பார்க்கும், கரண்டியால் அழுத்திப் பிடியுங்கள். 7 முதல் 9 நிமிடத்தில் தோல் பொன்னிறமாகும். உருகிய கொழுப்பைக் கிண்ணத்தில் வடித்து வைத்துக்கொள்ளுங்கள், உருளைக்கிழங்கு வறுக்க அதைவிட நல்லது கிடைக்காது. கறியைத் திருப்பிப் போட்டு, ஒரு துண்டு வெண்ணெயும் தட்டிய இரண்டு பூண்டுப் பல்லும் சேர்த்து 3, 4 நிமிடம் விடுங்கள். மிளகுத்தூளை இறக்கும்போது தூவினால் போதும். முதலிலேயே தூவினால் கருகிக் கசக்கும்.

நிமிடக் கணக்கை மட்டும் நம்பாதீர்கள், துண்டின் தடிமனுக்கு ஏற்ப அது மாறும். தெர்மாமீட்டரைத் தடித்த முனையிலிருந்து பக்கவாட்டில் நடுச்சதைக்குள் செருகுங்கள். 54 டிகிரி காட்டினால் இறக்கிவிடலாம். 7, 8 நிமிடம் அப்படியே ஆற விட்டால் உள்சூடு இன்னும் இரண்டு மூன்று டிகிரி ஏறி நிற்கும். பிறகு நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்து, அதற்குக் குறுக்கே அரை சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்குங்கள். நெஞ்சுக்கறியின் நார் நேராக ஓடாது, சாய்வாக ஓடும். கத்தியையும் சாய்த்துப் பிடிக்க வேண்டியிருக்கும். நார் போக்கிலேயே நறுக்கினால், எவ்வளவு பதமாக வறுத்த கறியும் மெல்ல மெல்லத் தீராது.

தோல் உரித்த துண்டு என்றால் முறை வேறு. மேலே வெள்ளி போல மினுங்கும் ஜவ்வைச் சீவி எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் சூட்டில் அது சுருங்கிக் கறியைக் கிண்ணம் போல வளைத்துவிடும். வாணலியை நன்றாகச் சூடாக்கி, இரண்டு மேசைக்கரண்டி கொழுப்பு விட்டு, நிமிடத்துக்கு ஒருமுறை திருப்பிப் போடுங்கள். மொத்தம் 6, 7 நிமிடம் ஆகும்.

கேள்வி: உள்ளே சிவப்பாக இருக்கும் பறவைக் கறியைச் சாப்பிடலாமா? பயமாக இருக்கிறது.

பதில்: பயத்துக்குக் காரணம் இருக்கிறது. அமெரிக்க வேளாண் துறை, காட்டுப் பறவை உட்பட எல்லாப் பறவைக் கறிக்கும் 74 டிகிரி உள்சூட்டைப் பரிந்துரைக்கிறது. மேலே சொன்ன 54 டிகிரி ருசிக்கான பதம், முழுப் பாதுகாப்புக்கான அளவு இல்லை. வேட்டைப் பறவையைச் சமைத்துப் பழகிய பலர் தெரிந்தேதான் அந்தப் பதத்தில் சாப்பிடுகிறார்கள். கர்ப்பிணிகள், குழந்தைகள், முதியவர்கள், நோய் எதிர்ப்பு குறைந்தவர்கள் சாப்பிடும் வீட்டில் அது வேண்டாம். அந்த வட்டாரத்துக் காட்டுப் பறவைகளிடம் பறவைக் காய்ச்சல் பரவியிருந்தால் யாருக்குமே வேண்டாம். அப்போது சுத்தம் செய்யும்போது கையுறை போடுங்கள். தள்ளாடும், நோஞ்சானாகத் தெரியும் பறவையைத் தொடவே தொடாதீர்கள்.

ஆனால் 74 டிகிரி வரை வறுத்துவிட்டு நன்றாக இல்லை என்று சொல்லாதீர்கள். நெஞ்சுத் துண்டுக்கு அது இரண்டும் கெட்டான் நிலை. முழுக்க வேக வேண்டும் என்று முடிவெடுத்தால் நெஞ்சுக்கறியைக் கொத்திவிடுங்கள், இல்லையென்றால் கால்களோடு சேர்த்து மெதுவாக வேகவையுங்கள். இரண்டுமே 74-ஐத் தாண்டும், ருசியும் கெடாது.

கேள்வி: கால்களைக் குக்கரில் ஐந்து விசில் விட்டும் வேகவில்லை.

பதில்: விசிலை எண்ணாதீர்கள், நேரத்தைப் பாருங்கள். முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து 45 நிமிடம். கிழப் பறவை என்றால் ஒரு மணி நேரம். ஆவி தானாக அடங்கட்டும். வெயிட்டைத் தூக்கி ஆவியைச் சட்டென்று வெளியேற்றினால் கறிக்குள் இருக்கும் சாறும் கொதித்து வெளியேறிவிடும்.

நேரம் இருந்தால் கனமான மூடி போட்ட பாத்திரத்தில் வைப்பதுதான் எங்கள் சிபாரிசு. இரண்டு பறவைகளின் கால், இறக்கை சேர்த்து ஏறக்குறைய ஒன்றரை கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 கிராம் உப்பு தடவி ஓர் இரவு வையுங்கள். ஈரத்தைத் துடைத்துவிட்டு, கொழுப்பில் எல்லாப் பக்கமும் சிவக்க வறுத்துத் தனியே எடுங்கள். அதே கொழுப்பில் இரண்டு பெரிய வெங்காயம், ஒரு கேரட், எட்டுப் பூண்டுப் பல்லை வதக்கி, பத்து மிளகு, இரண்டு கிராம்பு, ஒரு பிரிஞ்சி இலை போடுங்கள். 200 மில்லி சிவப்பு ஒயின் ஊற்றிப் பாதியாகச் சுண்ட விடுங்கள். ஒயின் பழக்கமில்லாதவர்கள் அரைத்த தக்காளி சேர்க்கலாம். பிறகு கறியை அடுக்கி, பாதி மூழ்கும் அளவுக்கு எலும்பு சூப்பு ஊற்றி, மூடி, 150 டிகிரி ஓவனில் மூன்று மணி நேரம் வையுங்கள். அடுப்பில் வைத்தால் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குமிழ் வரும் அளவுக்குத் தீ போதும். தளதளவென்று கொதித்தால் கறி நார் நாராகப் பிரிந்து உலர்ந்துவிடும்.

பலர் சறுக்குவது ஒன்றரை மணி நேரத்தில். அப்போது எடுத்துப் பார்த்தால் கறி முன்பைவிட விறைப்பாக இருக்கும். இன்னும் வைத்தால் கெட்டுப்போகும் என்று பயந்து இறக்கிவிடுகிறார்கள். அந்தக் கட்டத்தில் தசை சுருங்கி முடிந்திருக்கும், கொலாஜன் போதுமான அளவு கரைந்திருக்காது. முள்கரண்டியைத் தொடையில் குத்தித் திருகினால் கறி எதிர்ப்பில்லாமல் பிரிய வேண்டும். சில பறவைகளுக்கு ஐந்து மணி நேரம்கூட ஆகும். வெந்ததும் அந்தக் குழம்பிலேயே ஆற விடுங்கள். மறுநாள் மேலே உறைந்த கொழுப்பை எடுத்துவிட்டு, நரம்புகளை நீக்கிக் கறியை உதிர்த்தால் இன்னும் நன்றாக இருக்கும்.

கேள்வி: கவிச்சி போகப் பாலில் ஊறவைக்கலாமா, வினிகரிலா?

பதில்: இரண்டையும்விட உப்புத் தண்ணீர் மேல். தோல் உரித்த நெஞ்சுத் துண்டுகளுக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 50 கிராம் உப்பு, 20 கிராம் சர்க்கரை கரைத்து, ஃப்ரிட்ஜில் 6 முதல் 8 மணி நேரம் வையுங்கள். தங்கியிருக்கும் ரத்தம் இறங்கும், கறியும் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். இப்படி ஊறவைத்தால் தனியாக உப்புத் தடவக் கூடாது. ஒரு நாள் முழுக்க விட்டால் கறி கெட்டிப்பட்டு உப்புக்கண்டம் மாதிரி ஆகிவிடும். வினிகர் மேல் அரை சென்டிமீட்டரைத் தாண்டி உள்ளே போகாது, போன இடத்தையும் வெளிறிய மாவாக்கிவிடும். புளிப்பு வேண்டுமென்றால் கடைசியில் சேருங்கள். கறி வறுத்த வாணலியில் 100 மில்லி சூப்பும் ஒரு ஆரஞ்சின் சாறும் ஊற்றிப் பாதியாகச் சுண்ட வைத்தாலே போதும்.

வாடை தங்கியிருப்பது பெரும்பாலும் கொழுப்பில். தானிய வயலில் மேய்ந்த பறவையின் கொழுப்பு மணமாக இருக்கும். கடலோரத்திலும் சேற்று நீரிலும் இரை எடுத்த பறவைக்குச் சில சமயம் மீன் வாடை அடிக்கும். தோலை வைப்பதா உரிப்பதா என்று முடிவு செய்ய ஒரு வழி உண்டு. வால் பக்கத்திலிருந்து நாணயம் அளவு கொழுப்பை வெட்டி, சின்ன வாணலியில் மெல்லிய தீயில் உருக்கி முகர்ந்து பாருங்கள். மணம் பிடித்தால் தோலோடு சமையுங்கள். சேற்று வாடையோ மீன் வாடையோ அடித்தால் தோலையும் கண்ணில் படும் கொழுப்பு முழுவதையும் எடுத்துவிட்டு, வேறு கொழுப்பில் சமையுங்கள். வாலின் மேல்பக்கம் உள்ள எண்ணெய்ச் சுரப்பியை எந்தப் பறவையிலும் விட்டுவைக்கக் கூடாது.

கேள்வி: கறியில் கருப்புக் கருப்பாகப் புள்ளிகள். கழுவினாலும் போகவில்லை.

பதில்: ரவை, அதாவது வேட்டைத் துப்பாக்கியின் சிறு குண்டுகள், நுழைந்த துளைகள் அவை. ரவை போகும்போது இறகையும் கூடவே இழுத்துக்கொண்டு உள்ளே போகும். அந்த இறகுத் துணுக்கும் உறைந்த ரத்தமும்தான் கருப்பாகத் தெரிகின்றன, அந்தத் துண்டின் ருசியைக் கெடுப்பதும் அவையே. ஒவ்வொரு துளையையும் விரலால் அழுத்தி, மீன்முள் எடுக்கும் சிறு இடுக்கியால் இறகை உருவி எடுங்கள். கூடவே ரவையும் அகப்படலாம். அகப்படாததைத் தேடி விரலால் தடவிப் பாருங்கள், எஃகு ரவை பல்லை உடைத்துவிடும். ரத்தம் கட்டிய சதையை வெட்டி எறிந்துவிடுங்கள். நீர்ப்பறவை வேட்டைக்கு ஈய ரவையை அமெரிக்கா 1991-லேயே நாடு முழுக்கத் தடை செய்தது. ஈய ரவையால் சுட்ட பறவை என்று தெரிந்தால் துளையைச் சுற்றித் தாராளமாக வெட்டி எடுங்கள். புளிப்பான ஊறலில் போடவே கூடாது, அமிலத்தில் ஈயம் கரைந்து கறியில் ஏறும்.

துளை எதுவும் இல்லாமல், சதைக்குள் அரிசி மணி போல வெள்ளைக் கீற்றுகள் வரிசையாகத் தெரிந்தால் அது சார்கோசிஸ்டிஸ் என்ற ஒட்டுண்ணி. நன்றாக வேகவைத்தால் இறந்துவிடும் என்றாலும், நிறைய இருந்தால் அந்தக் கறி வேண்டாம்.

கேள்வி: பறவை இளசா, கிழமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: வால் இறகைப் பாருங்கள். நுனி வட்டமாக முடிந்தால் வளர்ந்தது. பழைய தூவி உதிர்ந்து நுனியில் சின்ன வெட்டு தெரிந்தால் அந்த ஆண்டுக் குஞ்சு. வெள்ளை நிற ஸ்னோ கூஸில் சாம்பல் நிறம் கலந்திருந்தால் இளசு. வெண்ணெற்றி கூஸில் வயிற்றுக் கருப்புப் பட்டை வந்திருந்தால் வளர்ந்தது. இளசைத் தோலோடு வறுக்கலாம். கிழத்தை 1 முதல் 4 டிகிரியில், குடல் எடுத்து, நான்கைந்து நாள் ஃப்ரிட்ஜில் பக்குவப்பட விட்டுச் சமையுங்கள். குண்டு வயிற்றில் பட்ட பறவைக்கு அந்தக் காத்திருப்பு ஆகாது, அன்றே குடலெடுத்துக் கழுவி, துடைத்துச் சமைத்துவிட வேண்டும்.

கேள்வி: நிறைய நெஞ்சுக்கறி சேர்ந்துவிட்டது. எல்லாமே வறுத்துச் சாப்பிட முடியாது.

பதில்: கொத்துக்கறியாக்குங்கள். 750 கிராம் கறிக்கு 250 கிராம் பன்றிக் கொழுப்போ மாட்டுக் கொழுப்போ சேர்க்க வேண்டும். கொழுப்பில்லாமல் அரைத்தால் உருண்டை உதிரும், வாய்க்குள் மணல் மாதிரி இருக்கும். கறி, கொழுப்பு, அரைக்கும் பாகங்கள் மூன்றும் ஜில்லென்று இருக்கட்டும். சூடேறினால் கொழுப்பு இளகிக் கறியில் ஒட்டாமல் தனியே பிரிந்துவிடும். கிலோவுக்கு 15 கிராம் உப்பு போட்டுக் கையில் ஒட்டும்வரை பிசையுங்கள். கொத்துக்கறி எப்போதும் 74 டிகிரி வரை வேக வேண்டும்.

ஃப்ரீசரில் வைப்பதென்றால் தோலுரித்த துண்டுகளைக் காற்றில்லாமல் இறுக்கிச் சுற்றி ஆறு மாதம் வரை வைத்தாலும் ருசி குறையாது. தோலும் கொழுப்பும் உள்ள துண்டுகளை மூன்று மாதத்துக்குள் முடித்துவிடுங்கள், அதற்குமேல் கொழுப்பு சிக்கு வாடை பிடிக்கும். எடுக்கும்போது தண்ணீரில் போட்டு உருக்க வேண்டாம். முதல் நாளே ஃப்ரிட்ஜின் கீழ்த் தட்டுக்கு மாற்றி, அடியில் ஒரு தட்டு வையுங்கள்.