ஹப்புத்தளையில் சின்ன விருந்தினர் விடுதி நடத்துகிறேன். தொடர்பு விவரங்களுக்கென்றே உள்ள '.டெல்' டொமைன் வாங்கினால் பயன் உண்டா?

பயன் உண்டு, ஆனால் விற்க வந்தவர் சொன்ன பயன் இல்லை. அதே வேலையை ஒரு சாதாரண '.காம்' அல்லது '.எல்கே' பெயரும் செய்துவிடும்.

நம்பர் மாறியதால் போர்டிலும் விசிட்டிங் கார்டிலும் பழைய நம்பரே கிடக்கிறது, போன வருஷம் வந்து தங்கியவர்கள் அந்த நம்பருக்கே அடித்துப் பார்த்துவிட்டு வேறு இடம் போய்விடுகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். "இந்த டொமைனை எடுத்தால் நம்பர் எத்தனை தடவை மாறினாலும் பெயர் மாறாது" என்று அதை விற்க வந்த ஒருவர் சொன்னாராம். அவர் பொய் சொல்லவில்லை. பத்து வருஷத்துக்கு முந்திய கதையைச் சொல்லியிருக்கிறார். நான் ஹட்டனில் கொமியூனிகேஷன் கடை வைத்திருக்கிறேன். ரீலோட், போட்டோகொப்பி, ஒன்லைன் விண்ணப்பங்களோடு, கேட்பவர்களுக்கு டொமைன் எடுத்து ஒரு பக்கம் போட்டுக் கொடுப்பதும் உண்டு. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சாதாரண டொமைன் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால் மற்றது விளங்கும். நீங்கள் ஒரு பெயரைத் தட்டுகிறீர்கள். டிஎன்எஸ் என்கிற பெயர்ப் பதிவேடு, அந்தப் பக்கத்தை வைத்திருக்கிற கணினியின், அதாவது சேர்வரின், எண்ணைச் சொல்கிறது. பிறகு உங்கள் போன் அந்த சேர்வருக்குப் போய்ப் பக்கத்தை எடுத்து வருகிறது. '.டெல்' இந்த இரண்டாவது பயணத்தையே வெட்டிவிட்டது. போன் நம்பர், ஈமெயில், இணைய முகவரி எல்லாவற்றையும் டிஎன்எஸ் பதிவேட்டிலேயே எழுதி வைத்தார்கள். அதற்கு 'நாப்டர்' என்ற பதிவு வகையைப் பயன்படுத்தினார்கள். சேர்வர் வேண்டாம், வெப்சைட் வேண்டாம், டிசைன் வேண்டாம். நம்பர் மாறினால் ஒரே இடத்தில் மாற்றினால் போதும். சில நம்பர்களை மறைத்து, நீங்கள் அனுமதித்தவர்களுக்கு மட்டும் தெரிகிற மாதிரி வைக்கவும் வழி இருந்தது.

லண்டனில் உள்ள டெல்னிக் என்ற நிறுவனம் 2006ல், உலக அளவில் டொமைன் முடிவுகளைக் கவனிக்கிற ஐகான் என்ற அமைப்பிடம் இதற்கான ஒப்பந்தத்தைப் பெற்றது. 2008 டிசம்பரில் வணிகச் சின்னம் வைத்திருப்பவர்களுக்கு முதலில் திறந்தார்கள். பொதுமக்களுக்குத் திறந்தது 2009 மார்ச் 24. அந்தக் காலத்து போன்களையும் டேட்டா வேகத்தையும் நினைத்துப் பாருங்கள். மஸ்கெலியாப் பக்கம் ஒரு வெப்சைட் திறப்பதற்குள் தேத்தண்ணி ஆறிவிடும். நாலு வரி எழுத்து மட்டும் வந்து சேர்கிற ஏற்பாடு என்றால் அது நம்மைப் போன்ற இடங்களுக்கென்றே செய்த மாதிரித்தான்.

யோசனை எனக்கு இன்றைக்கும் பிடிக்கும். ஏனென்றால் நம்பர் மாறுகிற தொல்லை மலையகத்தில் சின்னத் தொல்லை இல்லை. ஒரு காலத்தில் லயத்துக்கு லயம், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்கெல்லாம், சிடிஎம்ஏ போன் வந்தது. மேசையில் வைக்கிற போன், கம்பி கிடையாது. ஹட்டன் என்றால் 051, நுவரெலியா என்றால் 052, உங்கள் பக்கம் 057 என்று நம்பர் தொடங்கும். கலியாணப் பத்திரிகையில், கடைப் போர்டில், கோயில் திருவிழா நோட்டீஸில் எல்லாம் அந்த நம்பர்தான். பிறகு கைபோன் வந்தது, அந்தப் பெட்டிகள் அலுமாரிக்கு மேலே போயின, நம்பர்களும் செத்தன. போர்டுகள் மட்டும் இன்னும் அப்படியே நிற்கின்றன. அதற்குப் பிறகு சிம் காலம். நல்ல பெக்கேஜ் வந்தால் ஒரு சிம், சிக்னல் இல்லாவிட்டால் இன்னொன்று. கொழும்பில் கடை வேலைக்குப் போன பிள்ளை ஒரு நம்பர், அங்கிருந்து கட்டார் போனால் வேறொரு நம்பர். ரீலோட் பண்ணாமல் நீண்டநாள் கிடந்த நம்பரை எடுத்து வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். "தம்பி, மகன் நம்பருக்கு அடிச்சா யாரோ சிங்களத்துல பேசுறாங்க, என்னான்னு பாரேன்" என்று போனை நீட்டுகிற அம்மாமார் என் கடைக்கு வருவது வழக்கம். நம்பர் எங்கே போனாலும் பெயர் ஒன்றாக இருக்கவேண்டும் என்பது அந்த அம்மாவுக்குத் தேவையான விஷயம்தான்.

ஆனால் '.டெல்' திறந்த அதே 2009ல்தான் வாட்ஸ்அப்பும் வந்தது. அது நேர் எதிரான வழியில் போனது. பெயர் வேண்டாம், நம்பரே போதும், நம்பர்தான் ஆள் என்றது. வென்றது அதுதான். காரணம் லேசானது. வாட்ஸ்அப்புக்கு யாரும் புதிதாக எதையும் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை. போனில் ஏற்கெனவே இருக்கிற நம்பர்களை அது தானே எடுத்துக்கொண்டது. '.டெல்'லில் ஒருவரைத் தேட, அவர் என்ன பெயரில் பதிந்திருக்கிறார் என்று உங்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அது தெரிந்த அளவுக்கு நெருக்கம் என்றால் நம்பரும் தெரிந்திருக்குமே! அதோடு, அங்கே சொந்தமாக ஒரு இணையதளம் வைக்க விடவில்லை. எல்லோருடைய பக்கமும் ஒரே அச்சில் இருந்தது. காசு கொடுத்து வாங்கியவருக்கு அது பெரிய குறை. 2017ல் அந்தக் கட்டுப்பாட்டை நீக்கினார்கள். இன்றைக்கு அது வால் மட்டும் வேறான ஒரு சாதாரண டொமைன்.

இப்போது உங்கள் விடுதிக்கு வருவோம். உங்களிடம் வருகிற வெள்ளைக்காரர்கள் லிப்டன் சீட் பார்க்கவும் எல்ல ரயிலில் ஏறவும் வருகிறவர்கள். அவர்கள் புக்கிங் ஆப் பார்ப்பார்கள், கூகுள் மேப் பார்ப்பார்கள், வாட்ஸ்அப்பில் எழுதுவார்கள். போர்டில் '.டெல்' என்று முடிகிற ஒரு பெயரைப் பார்த்தால் அது இணைய முகவரி என்றே பலருக்குப் படாது. உள்ளூர் ஆட்கள் "நம்பர் எங்க அண்ணே?" என்று கேட்பார்கள். '.காம்' என்றால் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. '.எல்கே' என்றால் இலங்கை என்று வருகிறவருக்கும் தெரியும். '.எல்கே' பெயர்களைக் கொடுக்கிற பதிவகம் 1990லிருந்து இருக்கிறது, ரூபாயிலேயே பணம் கட்டலாம். தமிழிலேயே '.இலங்கை' என்ற முடிவும் 2010லிருந்து உண்டு. நம் ஆட்களுக்கென்று நடத்துகிற கடையாக இருந்தால் அதை எடுங்கள் என்பேன். வெளிநாட்டுக்காரரால் தமிழ் தட்ட முடியாதென்பதால் உங்களுக்கு அது இரண்டாவது பெயராக மட்டும்தான் ஆகும்.

ரூபாய் என்றதை அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. டொமைன் என்பது வாங்குவது இல்லை, வருஷ வாடகை. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் சொச்சம் இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாயைத் தொட்டது. டொலரில் வாடகை கட்டிக்கொண்டிருந்த பல பேர் "இந்த வருஷம் வேண்டாம், அடுத்த வருஷம் பார்ப்போம்" என்று விட்டார்கள். வேறு எந்த டொமைனையும் அப்படி விடலாம், தொடர்பு விவரம் தாங்கிய பெயரை விடக்கூடாது. காலாவதியான பெயரை மீட்கப் பொதுவாகச் சில வாரங்கள் தருவார்கள், தாமதமாக மீட்டால் கூடுதல் கட்டணம். அதுவும் தாண்டினால் பெயர் சந்தைக்குப் போய்விடும். எவனாவது அதை எடுத்து உங்கள் விடுதிப் பெயரிலேயே தன் நம்பரைப் போட்டு முன்பணம் வாங்கினால் என்ன செய்வீர்கள்? பழைய போன் நம்பர் போனால் அழைப்புத்தான் போகும். பழைய டொமைன் போனால் உங்கள் பெயரில் வருகிற ஈமெயிலும் அடுத்தவன் கைக்குப் போகும்.

கூகுள் மேப்பில் உங்கள் இடத்தை நீங்களே உரிமைகோரிப் பதிந்திருக்கிறீர்களா? இல்லையென்றால் டொமைனுக்கு முன்னால் அதைச் செய்யுங்கள். யாரும் வந்து "இந்த நம்பர் தவறு" என்று திருத்தம் போடக்கூடிய இடம் அது. உரிமையாளர் கவனிக்காவிட்டால் தவறான நம்பர் ஏறிவிடவும் கூடும்.

இங்கேதான் நம் ஊர்ச் சிக்கல் ஒன்று குறுக்கே வரும். முன்பெல்லாம் இந்தப் பதிவுக்குத் தபால் அட்டையில் ஒரு குறியீட்டு எண் அனுப்பித்தான் உறுதிசெய்வார்கள். டவுனில் இருப்பவருக்கு அட்டை வந்து சேரும். தேயிலைத் தோட்டத்துக்குள் இருப்பவருக்கு? நம் ஆட்களுக்கு முகவரி என்பதே பெயர், தோட்டம், டிவிசன், டவுன், அவ்வளவுதான். கதவு நம்பர் கிடையாது, வீதிப் பெயர் கிடையாது. கடிதம் தோட்டத்து ஒபிஸுக்கு வரும், அங்கிருந்து யாராவது எடுத்து வந்து கொடுக்கவேண்டும். ஒரே டிவிசனில் அதே பெயரில் மூன்று பேர் இருந்தால் எந்தக் காம்பிராவுக்கு, அதாவது லயத்தில் எந்த வீட்டுக்கு என்று யாருக்குத் தெரியும்? நேர்முகத் தேர்வுக் கடிதம் தேர்வு முடிந்த பிறகு கைக்கு வந்ததும், அடகுக்கடை அறிவித்தல் ஏலம் போன பிறகு வந்ததும் தோட்டங்களில் புதுக் கதையே இல்லை. தொடர்புக்கென்று தனி டொமைன் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு இந்த எரிச்சல் வந்துவிடும். உலகத்துக்கே தெரிகிற மாதிரி இணையத்தில் ஒரு முகவரி எடுத்துத்தர என்னால் பத்து நிமிஷத்தில் முடியும். அதே ஆளுக்குத் தபால்காரர் கண்டுபிடிக்கிற ஒரு வாசல் நம்பர் எடுத்துத்தர முடியாது. டொமைன் விற்கிறவனுக்கு அது தொழில் இல்லை, சரி. தொழிலாக எடுத்துக்கொள்ள வேண்டியவர்கள் வேறு இருக்கிறார்கள்.

இந்தப் புலம்பலை விடுங்கள். இப்போது வீடியோ எடுத்துக் காட்டியும் கூகுளில் உறுதிசெய்ய முடிகிறது. போர்டும் வாசலும் பாதையும் தெரிகிற மாதிரி எடுத்தால் போதும்.

இன்னொன்று, பெயர் கிடைத்த சந்தோஷத்தில் போர்டிலிருந்து நம்பரை அழித்துவிடாதீர்கள். மண்சரிவு நாட்களில் டேட்டா முதலில் படுக்கும். கரண்ட் போய், டவரின் பெட்டரியும் இறங்கிய பிறகு எஞ்சுகிற கொஞ்ச சிக்னலில் சாதாரண அழைப்பு போகும், எஸ்எம்எஸ் போகும், எந்தப் பக்கமும் திறக்காது. அனர்த்தத்துக்கு 117, அம்புலன்ஸுக்கு 1990 என்று வைத்திருப்பதற்கு அர்த்தம் இருக்கிறது. உங்கள் அறைகளில் ஒட்டுகிற அறிவித்தலிலும் அந்த இரண்டையும் எழுதுங்கள்.

வீட்டு நம்பரையும் உங்கள் சம்சாரத்தின் நம்பரையும் பக்கத்தில் போடவேண்டாம். பொதுவெளியில் இருக்கிற நம்பரை மெஷின் வந்து அள்ளிக்கொண்டு போகும், பிறகு லொத்தர் விழுந்திருக்கிறது என்று ஒரே மெசேஜ். பெண்கள் நம்பர் என்றால் வருகிற தொல்லை வேறு மாதிரி. விடுதிக்கென்று தனி சிம் ஒன்று எடுங்கள். அதை மாற்றவே மாட்டேன் என்று முடிவு செய்து மாதாமாதம் கொஞ்சமாவது ரீலோட் பண்ணி வைத்தால், டொமைன் செய்கிற வேலையில் பாதியை அந்த சிம்மே செய்துவிடும்.

அதற்கு மேல் ஒரு '.எல்கே' அல்லது '.காம்' பெயர் எடுத்து, ஒரே ஒரு பக்கம் போடுங்கள். நம்பர், வாட்ஸ்அப்பைத் திறக்கிற பட்டன், மேப் இணைப்பு, தொட்டால் போனின் கொன்டக்டில் சேமிக்கிற விகார்ட் கோப்பு. படங்களைக் குறையுங்கள், பக்கம் சிக்னல் குறைந்த இடத்திலும் திறக்கும். கார்டில் கியூஆர் அச்சடிப்பதாக இருந்தால் அது நேராக உங்கள் டொமைனுக்குப் போகவேண்டும். இலவசமாகச் செய்து தருகிற சில தளங்கள் தங்களுடைய இணைப்பு வழியாகச் சுற்றிவிடும். கார்டு ஆயிரம் அடித்த பிறகு காசு கேட்டு அந்த இணைப்பை நிறுத்தினால் கார்டு எல்லாம் குப்பை.

விற்க வந்தவரிடமே வாங்குவதாக இருந்தாலும், என்னிடமே வாங்குவதாக இருந்தாலும், டொமைன் உங்கள் பெயரிலும் உங்கள் ஈமெயிலிலும் பதிவாகிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். அந்த ஈமெயில் உங்கள் டொமைனிலேயே தொங்குகிற ஈமெயிலாக இருக்கக்கூடாது. டொமைன் நின்றால் அதுவும் நிற்கும், பிறகு புதுப்பிக்கச் சொல்லி வருகிற கடிதமே உங்களுக்கு வராது.